நான்கு நாற்பதுக்கு வந்த கடிதம்

கழகத்தில் அவளை எல்லோரும் ரிஜிஸ்டர் அம்மா என்றுதான் அழைப்பார்கள். தலைவரிலிருந்து வாசல் காவலர் வரைக்கும் அதே பெயர்தான். வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பதிவேட்டில் ஏற்றி, உறையின் ஓரத்தில் தேதியையும் நேரத்தையும் பென்சிலால் குறித்து, உரிய ஆளிடம் சேர்ப்பது அவள் வேலை. இருபத்து நான்கு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஒரு கடிதம் வந்ததா வரவில்லையா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், "ரிஜிஸ்டர் அம்மாகிட்ட கேளுங்க" என்பார்கள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

கழகம் என்பது அறிஞர்களின் சங்கம். விஞ்ஞானிகள், வரலாறு எழுதுகிறவர்கள், மொழி ஆராய்கிறவர்கள் என்று முந்நூறு சொச்சம் உறுப்பினர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது ஒரு தங்கப் பதக்கம் கொடுக்கும். ஒருவர் பெயரை முன்மொழிந்தால் மட்டும் போதாது. அவர் துறை தெரிந்த மூன்று பேர் தனித்தனியாகப் பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டும். மூன்றும் கடைசித் தேதியன்று மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். இரண்டு வந்து ஒன்று வராவிட்டால், ஆள் எவ்வளவு பெரியவரானாலும் அவருடைய கோப்பு தேர்வுக் குழுவின் மேசைக்கே போகாது.

இந்த முறை பதக்கம் ஓர் ஆற்று ஆய்வாளருக்கு. முப்பது வருடம் ஒரே ஆற்றின் கரையில் நின்று, தண்ணீர் எவ்வளவு வண்டலைச் சுமந்துகொண்டு போகிறது என்று நாள் தவறாமல் அளந்தவர். அணை நூறு வருடம் தாங்கும் என்று கட்டியவர்கள் சொன்னபோது, நாற்பதிலேயே பாதி தூர்ந்துவிடும் என்று எழுதினார். அப்போது சிரித்தார்கள். இப்போது அணையில் பாதி சேறுதான்.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. கழகத்தின் சொந்த மண்டபம் கூரை ஒழுகிப் பூட்டிக் கிடந்ததால், முந்தைய இரண்டு விழாக்களும் வாடகை அரங்கில் நடந்தன. இந்த வருடம்தான் பழுது பார்த்துத் திறந்திருந்தார்கள். எந்த வரிசையில் எத்தனை நாற்காலி போடலாம் என்று பார்க்க, மண்டபத்தின் பழைய இருக்கைக் கோப்பைத் தேடி அவள் இரண்டாவது இரும்பு பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில் கிடந்தது. தூசி தட்டி, மேசையில் வைத்துப் பிரித்தாள். தாள்களுக்கு நடுவே ஒரு நீளமான பழுப்பு உறை இருந்தது. பிரிக்காத உறை.

ஓரத்தில் பென்சிலால் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. பக்கத்தில் நேரம்: 4.40. அவளுடைய கையெழுத்து.

அனுப்பியவர் பெயரைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். பார்த்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே ஆற்று ஆய்வாளரின் பெயர் பதக்கத்துக்கு வந்திருந்தது. இரண்டு பரிந்துரைகள் வந்தன. மூன்றாவதை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டவர் ஒரு வரைபடக்காரர். இருவரும் கல்லூரி நாளிலிருந்து நண்பர்கள். ஆய்வாளரின் புத்தகங்களில் உள்ள ஆறுகளையெல்லாம் வரைந்தது இவர் கைதான். அவர் இவரை 'மேப்பு' என்பார், இவர் அவரை 'சேறு' என்பார். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி வீடு. கழகக் கூட்டங்களுக்கு ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஒரே வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளர் சலிப்பூட்டினால் ஒரே நேரத்தில் கொட்டாவி விடுவார்கள்.

மூன்றாவது கடிதம் வரவில்லை என்று கழகம் ஆய்வாளருக்கு எழுதியது. கோப்பு தள்ளுபடியானது. அனுப்பினேன் என்றார் வரைபடக்காரர். ஆய்வாளர் நம்பவில்லை. அதிலிருந்து இருவரும் கூட்டங்களுக்குத் தனித்தனியாக வந்தார்கள், கூட்ட அறையின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். வரைபடக்காரர் மகளின் கல்யாணத்துக்கு ஆய்வாளர் போகவில்லை என்று கேள்விப்பட்டபோது கழகத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அவளும் உச்சுக்கொட்டினாள்.

இப்போது அந்தக் கடிதம் அவள் மடியில் இருந்தது.

அன்றைக்கு நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கடைசித் தேதி. மாலை ஐந்து மணிக்கு மகளின் பள்ளியில் ஓட்டப் பந்தயம். "நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் மகள் போயிருந்தாள். வழக்கமாகத் தபால்காரர் மூன்று மணிக்குள் வந்து போய்விடுவார். அன்று மூன்றரை வரை பார்த்துவிட்டு, இனி எதுவும் வராது என்று நான்கு மணிக்கே பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டு, 'வரவு முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். விதிப்படி ஐந்து மணிக்குப் போட வேண்டிய கோடு.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தபால்காரர் வந்தார். சைக்கிள் பஞ்சராம். ஒரே ஓர் உறை. பழக்கதோஷத்தில் நேரத்தைக் குறித்தாள். அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமென்றால் சிவப்புக் கோட்டை அடித்து, ஏன் அடித்தோம் என்று எழுதி, செயலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவரோ மாடியில் கூட்டத்தில் இருந்தார். காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று, மேசைமேல் கிடந்த இருக்கைக் கோப்புக்குள் உறையைச் செருகிவிட்டு ஓடினாள். மகள் நான்காவதாக வந்தாள். ஆனாலும் கூட்டத்தில் அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அது போதுமென்றிருந்தது.

மறுநாள் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. பத்து நாள் விடுப்பு. அதற்குள் மேசையை யாரோ ஒழுங்குபடுத்தி, கோப்பை பீரோவுக்குள் தள்ளியிருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது அந்த உறை நினைவிலேயே இல்லை; தள்ளுபடிக் கடிதங்களும் போய்விட்டிருந்தன.

இவ்வளவும் கைத்தவறு. இதோடு நின்றிருந்தால் அவள் இப்படி உறைந்து உட்கார்ந்திருக்க மாட்டாள். வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் வரைபடக்காரர் போன் செய்தார்.

"அம்மா, நான் லெட்டர் அனுப்பினேன். எங்க தெரு முனைத் தபால் பெட்டியில என் கையால போட்டேன். கொஞ்சம் பாருங்களேன்."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். "ரிஜிஸ்டர்ல இல்லைங்க சார்."

"வேற எங்கயாவது மாறி வெச்சிருக்கலாம் இல்லையா?"

"எங்க ஆபீஸ்ல அப்படி மாறாதுங்க சார்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ரிஜிஸ்டர்ல இருக்கறதத்தான் சார் நான் சொல்ல முடியும்."

போனை வைத்த பிறகு ஏதோ ஒன்று உள்ளே முள்ளாகக் குத்தியது. பழுப்பு நிறம். பஞ்சர். அன்று மாலை எல்லோரும் போன பின் முதல் பீரோவைத் தேடினாள். இல்லை. இரண்டாவது பீரோவின் சாவி கையிலேயே இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. மணியாகிவிட்டது, பஸ் போய்விடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள். மறுநாள் தேடியிருக்கலாம். மறுவாரம் தேடியிருக்கலாம். தேடவில்லை.

இப்போது அவள் உறையை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். தலைவர் ஓய்வுபெற்ற மருத்துவர், நல்ல மனிதர். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்கம்மா. முதல்ல தண்ணி குடிங்க."

குடித்தாள்.

"இப்ப இத வெளிய சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? அவருக்குத்தான் இந்த வருஷம் பதக்கம் வருதே. ஆறு வருஷம் தாமதம், அவ்வளவுதான்."

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லை சார்."

"அது அவங்க சொந்த விஷயம். நீங்க இத்தன வருஷம் எடுத்த நல்ல பேரு ஒரே நாள்ல போயிடும். பத்திரிகைக்காரங்க காதுல விழுந்தா கழகத்தோட பேரும் சேந்து போயிடும். விழா முடியட்டும். அப்புறமாப் பாக்கலாம்." உறையை அவள் பக்கமே தள்ளினார். "பத்திரமா வெச்சிருங்க."

வெளியே வந்தபோது அவளுக்கு மூச்சு லேசாக வந்தது. தலைவரே சொல்லிவிட்டார், இனி இது தன் பொறுப்பில்லை. படிக்கட்டில் பாதி தூரம் இறங்கியபோதுதான், அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. அன்றைக்கு பஸ்ஸைச் சாக்காக வைத்து இறங்கியதும் இதே படிதான்.

சனிக்கிழமை காலை கணவன் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உன் ரிஜிஸ்டர்ல தப்பா?" என்று சிரித்தான். "என் ரிஜிஸ்டர்ல தப்பே வராதுன்னு சொல்லியே என்னை எத்தனை தடவை மடக்கியிருப்பே."

"விளையாடாதீங்க."

அவள் குரலைக் கேட்டதும் அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான். "ஒரே ஸ்கூட்டர்ல வருவாங்கன்னு சொல்லுவியே, அவங்களா?"

"ம்."

"ஆறு வருஷமாவா?"

"ம்."

துணியை மறுபடி எடுத்து வேனின் கண்ணாடியைத் துடைத்தான். பிறகு சொன்னான்: "சொல்லிடு. நீ நாலு நாளா சாப்பிடற லட்சணத்தைத்தான் பாக்கறேனே. தட்டுல கையை வெச்சுக்கிட்டுச் சிலையாட்டம் உக்காந்திருக்கே."

"வேலை போச்சுன்னா?"

"போனா போகட்டும். நம்ம வேன்ல பசங்கள ஏத்தி இறக்கறதுக்கு ஒரு ஆயாவத் தேடிட்டு இருக்காங்க. நானே சிபாரிசு பண்றேன். அந்த லெட்டரையாவது தொலைக்காமப் பாத்துக்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளே கல்லூரிக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அம்மா, அன்னைக்கு என் ரேஸுக்கு ஓடி வந்தியே, அதனாலயா?"

"இல்லடி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் உடனே. தன் தவறில் ஒரு பங்கை யாருக்கும் பிரித்துக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆய்வாளரின் வீட்டுக்குப் போனாள். கையில் விழா மலரின் அச்சுப் பிரதி இருந்தது, திருத்தம் பார்த்து வாங்க வேண்டும் என்பது சாக்கு. வீட்டின் முன்னறையில் ஜன்னல் ஓரமெல்லாம் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் அடியில் விரற்கடை உயரம் வண்டல், மேலே தேதிச் சீட்டு. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உக்காருங்கம்மா, இவரு திருத்தம் போட ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும்" என்று சொல்லி எதிரில் உட்கார்ந்தார்.

ஆய்வாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தார். அவருடைய வரைபடங்களைத் தீட்டிய நண்பரைப் பற்றிய வரி.

"இது வேணாம்" என்றார்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சார், அந்த வரிய அடிக்காதீங்க" என்றாள். பையிலிருந்து உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது அவரு அனுப்பின லெட்டர். அன்னைக்கே, நேரத்துக்கே வந்திடுச்சு. நான்தான் ஃபைலுக்குள்ள வெச்சு மறந்துட்டேன். இந்த வாரந்தான் கிடைச்சுது."

அவர் உறையைத் தொடவில்லை. பென்சில் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதி, 4.40. வாழ்நாள் முழுவதும் குப்பிகளில் தேதி ஒட்டியவர். அவருக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

மனைவிதான் எடுத்துப் பிரித்தார். ஒரே தாள். வாய்விட்டே படித்தார். வேலையைப் பற்றி, அணையைப் பற்றி, இத்தனை வருட அளவுகளைப் பற்றி எழுதிய பிறகு கடைசியில் இப்படி இருந்தது: "தன் கையால் அளக்காத எதையும் இவர் நம்ப மாட்டார். அது இவருடைய பலம். கூடப் பழகுகிறவர்களுக்கு அது சில நேரம் சிரமம். ஆனால் இவர் அளந்து சொன்ன ஓர் எண்ணைக்கூட நான் ஒருநாளும் இன்னொரு முறை சரிபார்த்ததில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை."

தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"அவன் வாசல்ல நின்னு சத்தியம் பண்ணினான்" என்றார் ஆய்வாளர். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் பேரு வெளிய வர்றது உனக்குப் பொறுக்கலடான்னு சொன்னேன். கதவச் சாத்தினேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் மனைவி. "அண்ணன் அப்படிப்பட்டவரில்லைன்னு சொன்னேன். கேட்டீங்களா?"

"ஆபீஸ்ல இல்லன்னு சொன்னாங்களே! ரிஜிஸ்டர்லயே இல்லன்னாங்களே!"

அவர் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார், கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"நீங்க போங்கம்மா" என்றார்.

வாசல் வரை மனைவி கூடவே வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று மெல்லிய குரலில் சொன்னார்: "ஆறு வருஷமா அந்த வீட்டுக்கு நான் திருட்டுத்தனமாப் போயிட்டு வரேன். அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு, இவருக்குத் தெரியாம பின் வாசல் வழியாப் போய் வாழ்த்திட்டு வந்தேன். பின் வாசல் வழியா! அது என் மடியில வளந்த பொண்ணு."

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா."

அந்த அம்மாள் நாலு வீடு தள்ளியிருந்த பச்சைக் கதவைக் கையால் காட்டினார். "அங்கயும் போய்ச் சொல்லுங்க."

வரைபடக்காரரின் வீட்டில் கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சாய்வு மேசை. நகரத்து வடிகால்களைப் புதிதாக வரைந்துகொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது போலும், ஒரு கையில் பூதக்கண்ணாடி. மனைவி தவறிய பிறகு தனியாகத்தான் இருக்கிறார். அவள் யார் என்று சொன்னதும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

நின்றபடியே சொன்னாள். கோப்பு, சிவப்புக் கோடு, விடுப்பு எல்லாம். இப்போதுதான் ஆய்வாளர் வீட்டிலும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். அவள் முடித்ததும் அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"நான் போன் பண்ணினேனே. அன்னைக்குத் தேடினீங்களா?"

தேடினேன் என்று சொல்லிவிடலாம். முதல் பீரோவைத் தேடியது பொய்யில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ஒரு பீரோவத் தேடினேன் சார். இன்னொண்ணத் தேடல."

"ஏன்?"

"கிடைச்சிடுமோன்னு பயமா இருந்துச்சு."

அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா" என்றார். "அதான் வேடிக்கை. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் போனதும், ஒருவேள நான் போடவே இல்லையோன்னு தோண ஆரம்பிச்சுது. போடறதா நெனச்சுக்கிட்டு எங்கயாவது வெச்சுட்டேனோன்னு. இந்த வீட்டுல ஒவ்வொரு டிராயரா இழுத்துப் பாத்திருக்கேன். என் வீட்டுக்காரி சாகறதுக்கு முன்னாடி, போட்டீங்க, நான் பாத்தேன்னு சொன்னா. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றாளோன்னு அவளையும் நம்பல."

நண்பர்களைப் பிரித்துவிட்டோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒரு மனிதனை அவன் ஞாபகத்திலிருந்தே பிரித்திருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"லெட்டர் தொலைஞ்சது கைத்தவறு. யாருக்கும் நடக்கும்" என்றார் அவர். "தேடாம விட்டது தப்பு. அத நீங்களே சொல்லிட்டீங்க. அவன் என்னை நம்பாதது இருக்கு பாருங்க, அது உங்க கணக்குல வராது. அதையும் சேத்து நீங்க தூக்கிட்டு அலையாதீங்க."

"அவரு வந்து பேசினா..."

"அத அவன் வந்தாப் பாக்கலாம். எனக்கு வேண்டியது வேற. வாயால சொன்னது போதாது. எழுதுங்க. அந்த ரிஜிஸ்டர்லயே எழுதுங்க. இன்னும் அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் புரட்டினாலும், நான் அனுப்பினேன்னு அதுல இருக்கணும்."

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் அவள் ஆறு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை எடுத்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, உறை வந்த நேரத்தையும், அது பதிவாகாமல் போன காரணத்தையும், விசாரித்தபோது தான் முழுமையாகத் தேடவில்லை என்பதையும் நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் கோணலாக விழுந்தன. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, ஒரு விளக்கக் கடிதமும் சேர்த்துத் தலைவரின் மேசையில் வைத்தாள்.

தலைவருக்கு அவள்மேல் வந்த கோபம் நியாயமானது. "விழா முடியட்டும்னுதானே சொன்னேன்!" என்றார். அவசரக் கூட்டம் போட்டார்கள். சிலர் அவளை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்றார்கள். சிலர் இருபத்து நான்கு வருடச் சேவையைச் சொன்னார்கள். கடைசியில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பரிசுப் பிரிவிலிருந்து நூலகத்துக்கு மாற்றினார்கள். இதைவிடக் கடுமையாக ஏதாவது செய்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பழைய இதழ்களை அட்டவணைப்படுத்தும் வேலை. யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள்.

விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. கதவோரம் நின்று பார்த்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. வரைபடக்காரருக்கென்று போட்டிருந்த வலது ஓர நாற்காலி காலியாக இருந்தது. ஆய்வாளரின் மனைவி முன் வரிசையில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதக்கத்தை அணிவித்தார்கள். ஆய்வாளர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். வண்டலைப் பற்றி அரை மணி நேரம் பேசப் போகிறார் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கையில் வைத்திருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"என் புத்தகங்கள்ல இருக்கற ஆறுகள் எல்லாம் என் நண்பன் வரைஞ்சது" என்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவன் எனக்காக ஒரு கடிதம் எழுதினான். அது வந்து சேரலன்னு சொன்னாங்க. அளந்து பாக்காம எதையும் நம்பாதவன்னு எனக்குப் பேரு. அன்னைக்கு நான் எதையும் அளக்கல. ஒரு வார்த்தை விசாரிக்கல. என் நண்பனைப் பொய்யன்னு சொன்னேன். அவன் பொய்யன் இல்ல. இந்த மண்டபத்துல இருக்கறவங்கள்ல யார்கிட்டயெல்லாம் நான் அப்படிச் சொன்னேனோ, அவங்க எல்லாரும் இதையும் கேட்டுக்கணும்."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ தொடங்க, மெதுவாகப் பரவியது. கடிதத்தைத் தொலைத்த ஆளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டத்தில் சிலர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசையாமல் நின்றாள். போய்விடுவது சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து நூலகத்துக்கு ஒரு போன் வந்தது. ஆய்வாளரின் மனைவி.

"இவரு தினம் சாயங்காலம் அங்க போயிட்டிருக்காரு" என்றார். "முதல் மூணு நாள் அண்ணன் கதவே திறக்கல. இவரும் படியில உக்காந்துட்டுத் திரும்பி வந்துட்டாரு. நாலாம் நாள் திறந்தாரு. விழா மலர்ல போட்டிருந்த மேப்பக் கையில வெச்சுக்கிட்டு, இதுல உபநதி ஒண்ண விட்டுட்டு அச்சடிச்சிருக்கீங்க, பாக்க மாட்டியான்னு ஒரே சத்தம்."

"இப்பப் பேசிக்கறாங்களா அக்கா?"

"எங்க பேசறாங்க? சண்டைதான் போடறாங்க. பழைய சண்டை, புதுச் சண்டை, எல்லாம். நேத்து அண்ணன், நீ பேசினதை நான் ஒண்ணும் மறந்துடலன்னு சொன்னாராம். மறக்காதேன்னு இவரு சொன்னாராம். அப்புறம் ரெண்டு பேருமா உக்காந்து அந்த உபநதிய வரைஞ்சாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் இப்ப முன் வாசல் வழியாத்தான் போறேன்."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"ஒருநாள் வீட்டுக்கு வாங்கம்மா" என்றார் அந்த அம்மாள். "இவரும் கேட்டாரு, அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு."

"வரேன் அக்கா" என்றாள்.

போக வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறாள். இரண்டு முறை அந்தத் தெரு முனை வரை பஸ்ஸில் போயிருக்கிறாள். ஒருமுறை இறங்கவும் செய்தாள். சாயங்கால நேரம், திறந்திருந்த பச்சைக் கதவுக்குள்ளிருந்து இரண்டு கிழக்குரல்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டன. என்ன வாக்குவாதம் என்று புரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்குள் இன்னும் போகவில்லை.